கடல் கடந்து ஏற்றிய கொடி



ஓர் ஆலயத்தின் யூபிலி மலரில் அடிக்கல் நாட்டியவர்களையும், கல்லும் மரமும் சுமந்தவர்களையும், பணியாற்றிச் சென்ற பங்குத்தந்தையரையும் நன்றியோடு நினைக்கிறோம். அது முறையே. ஆனால் நம் மாவட்டத்துப் பங்கு எதை எடுத்துக்கொண்டாலும், பங்கு ஏட்டில் பெயர் இருந்தும் திருவிழாத் திருப்பலிக்கு வந்து நிற்க முடியாத ஒரு கூட்டம் உண்டு. அவர்களே கடல் கடந்து வாழும் நம் பிள்ளைகள். தென் திருவிதாங்கூரிலிருந்து பலர் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே இலங்கையின் காப்பித் தோட்டங்களுக்குப் பிழைக்கச் சென்றார்கள். பின்னர் மலாயா, சிங்கப்பூர், பர்மா என்று தமிழர்கள் பரவினார்கள். இன்று துபாய், குவைத், பஹ்ரைன், கத்தார் என்று நம் கடற்கரை ஊர்களிலிருந்தும் உள்நாட்டு ஊர்களிலிருந்தும் ஆட்கள் போய்க்கொண்டே இருக்கிறார்கள்.

ஆகஸ்டு 15 நமக்கு இரட்டை விழா. காலையில் அன்னையின் விண்ணேற்புப் பெருவிழாத் திருப்பலி, அது முடிந்ததும் வளாகத்தில் தேசியக் கொடி ஏற்றம், பிள்ளைகளுக்கு மிட்டாய். கோட்டாற்றின் பாதுகாவலரான தூய சவேரியார் தம் தோழர்களோடு பாரீசில் முதல் வார்த்தைப்பாடு கொடுத்ததும் (1534), ஜப்பானில் காலடி வைத்ததும் (1549) இதே ஆகஸ்டு 15-ஆம் நாளில்தான் என்பது நினைவிற்கொள்ளத் தக்கது. தாய்நாட்டை விட்டுப் போனவர்களுக்கும் இந்த நாளுக்கும் ஏதோ ஒரு தொடர்பு இருக்கத்தான் செய்கிறது.

அயல்நாட்டில் இருப்பவர்கள் தங்கள் நாட்டின் விடுதலை நாளை ஏன் கொண்டாடுகிறார்கள்? ஊர் ஏக்கத்தினால் என்று சொல்லிவிடலாம். அது பாதி உண்மையே. எகிப்தின் அடிமைத்தனத்திலிருந்து வெளியேறிய இரவை, பின்னாளில் பாபிலோனில் வாழ்ந்த யூதரும் அலெக்சாந்திரியாவில் வாழ்ந்த யூதரும் பாஸ்காவாகக் கொண்டாடினார்கள். அது வெறும் ஏக்கம் அன்று. ‘நாங்கள் யாருக்கும் அடிமைகளாகப் பிறந்தவர்கள் அல்லர்’ என்று அந்நியர் நடுவில் ஆண்டுதோறும் எடுத்துரைத்த உரிமைக் குரல். நம்மவர்களின் வரலாறும் இதையே சொல்கிறது.

கொடி பிறந்த இடம்

வளைகுடா நாட்டு ஆலயங்களில் நம் பிள்ளைகளோடு அதே பெஞ்சில் முழந்தாளிட்டிருப்பவர்களில் பெருந்தொகையினர் பிலிப்பைன்ஸ் நாட்டுக் கத்தோலிக்கர். அவர்களுடைய விடுதலை நாள் ஜூன் 12. அதன் கதை நாம் அறிய வேண்டிய ஒன்று.

முந்நூறு ஆண்டுகளுக்கு மேல் ஸ்பெயின் நாட்டின் ஆட்சியில் இருந்த அம்மக்கள், 1898 ஜூன் 12 அன்று கவித் என்ற ஊரில் தலைவர் எமிலியோ அகினால்டோவின் வீட்டில் தங்கள் விடுதலையை அறிவித்தார்கள். அன்று விரிக்கப்பட்ட கொடி அந்த நாட்டில் தைக்கப்பட்டதன்று. நாடு விட்டு ஹாங்காங்கில் தங்கியிருந்த மார்செலா அகொன்சில்லோ என்ற பெண்மணி, தம் மகளோடும் மற்றொரு பெண்ணோடும் உட்கார்ந்து தைத்த கொடி அது. ஆனால் அந்த விடுதலை நிலைக்கவில்லை. அதே ஆண்டு டிசம்பரில் பாரீசில் செய்துகொண்ட உடன்படிக்கையால் இரண்டு கோடி டாலருக்கு அந்நாடு ஸ்பெயினிடமிருந்து அமெரிக்காவுக்குக் கைமாறியது. 1946 ஜூலை 4 அன்று அமெரிக்கா விடுதலை அளித்தது. அதன்பின் பதினாறு ஆண்டுகள் ஜூலை 4-ஐயே கொண்டாடிய மக்கள், 1962-இல் அதிபர் மகபகால் ஆணையிட்டபடி ஜூன் 12-க்கே திரும்பினார்கள். பிறர் கொடுத்த நாளைவிட, தாங்களே அறிவித்த நாளே தங்களுக்குரியது என்பது அவர்கள் முடிவு.

நம் கதையும் இதிலிருந்து வெகு தூரத்தில் இல்லை. இந்தியாவின் விடுதலைக்கென்று ஒரு கொடி பன்னாட்டு மேடையில் விரிக்கப்பட்டது 1907 ஆகஸ்டு 22-இல், ஜெர்மனியின் ஸ்டட்கார்ட் நகரில். விரித்தவர் மேடம் பிக்காஜி காமா. நமக்கும் இரண்டு நாட்கள் உண்டு. 1929 டிசம்பரில் லாகூர் காங்கிரஸ் முழு விடுதலையே குறிக்கோள் என்று தீர்மானித்தபின், 1930 முதல் ஜனவரி 26-ஐயே விடுதலை நாளாக மக்கள் கடைப்பிடித்தார்கள். 1947-இல் ஆகஸ்டு 15 வந்தது. பழைய நாளை மறக்க மனமின்றி, 1950-இல் அதைக் குடியரசு நாளாக்கிக்கொண்டோம்.

நாஞ்சில் குடியில் பிறந்தவர்

அயல்நாட்டில் நின்று இந்திய விடுதலைக்குக் குரல் கொடுத்தவர்களில் நமக்கு நெருங்கிய உறவினர் ஒருவர் இருக்கிறார். அவரே செண்பகராமன் பிள்ளை. நாஞ்சில் நாட்டு வேளாளர் குடும்பத்தில், 1891-இல் திருவனந்தபுரத்தில் பிறந்தார். பள்ளி மாணவராக இருக்கையில் 1908-இல் ஐரோப்பாவுக்குச் சென்றார். பொறியியல் படித்தார். முதல் உலகப் போர் மூண்ட 1914-இல் சுவிட்சர்லாந்தின் சூரிச் நகரில் இந்தியாவுக்காக ஒரு பன்னாட்டுக் குழுவைத் தொடங்கி, பின்னர் பெர்லின் சென்று அங்கிருந்த இந்தியப் புரட்சியாளர்களோடு சேர்ந்துகொண்டார். 1915 டிசம்பரில் ராஜா மகேந்திர பிரதாப் காபூலில் அமைத்த தற்காலிக இந்திய அரசில் வெளியுறவு அமைச்சராக அவர் பெயர் இடம்பெற்றது.

செண்பகராமன் பிள்ளை 1934-இல் பெர்லினில் காலமானார். அவருடைய அஸ்தி தாய்மண்ணில் கரைக்கப்பட வேண்டும் என்பது அவர் விருப்பம். அவர் மனைவி லட்சுமிபாய் அதைப் போற்றிக் காத்துவந்தார். 1966-இல்தான் இந்தியக் கடற்படைக் கப்பலில் அந்த அஸ்தி மரியாதையோடு கொச்சிக்கு வந்து சேர்ந்தது. விடுதலைக்காக ஊரைவிட்டுப் போனவர் அதன் பலனைக் காணாமலேயே மறைந்தார். விடுதலை கிடைத்தபின்னும் பத்தொன்பது ஆண்டுகள் கழித்தே அவர் வீடு திரும்பினார்.

மலாயாத் தோட்டங்களில்

செண்பகராமன் பிள்ளை படித்தவர். படிக்காத ஏழைத் தொழிலாளர் என்ன செய்தார்கள் என்பதை மலாயா நாட்டு ரப்பர்த் தோட்டங்களில் பார்க்கலாம். கங்காணி கூட்டிச் சென்ற தமிழர்கள் அங்கே லயங்களில் வாழ்ந்தார்கள். அதிகாலையில் பால் வெட்டப் போக வேண்டும். ரப்பர் மரம் சூழ வாழும் நமக்கு அந்த வேலையின் கடினத்தை விளக்க வேண்டியதில்லை. மாலையில் தோட்டத்துக் கள்ளுக்கடை கூலியை வாங்கிக்கொள்ளும். வெள்ளைக்காரத் துரை எதிரே வந்தால் சைக்கிளிலிருந்து இறங்கி நிற்க வேண்டும்.

1941-இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் ஆர். எச். நாதன் முதலானோர் தலைமையில் வேலை நிறுத்தம் எழுந்தது. சீனத் தொழிலாளருக்குச் சமமான கூலி வேண்டும் என்று கேட்டார்கள். அதோடு நில்லாமல், கள்ளுக்கடைகளை மூட வேண்டும், பிள்ளைகளுக்குப் பள்ளி வேண்டும், துரையின் முன்னால் சைக்கிளை விட்டு இறங்கச் சொல்லக்கூடாது என்றும் கேட்டார்கள். பலர் காந்தி தொப்பி அணிந்தார்கள். ஒரு தொப்பிக்கும் ஒரு சைக்கிளுக்கும் அரசாங்கம் ஏன் அஞ்ச வேண்டும்? கூலியை உயர்த்திக் கொடுத்துவிடலாம். ‘நானும் உன்னைப் போல ஒரு நாட்டுக்கு உரியவன்’ என்று தொழிலாளி நிமிர்ந்துவிட்டால் பழைய முறை நிலைக்காது. நாதன் கைது செய்யப்பட்டு இந்தியாவுக்கு நாடு கடத்தப்பட்டார். துப்பாக்கிச் சூட்டில் ஐந்து தொழிலாளர் உயிரிழந்தனர்.

1942 பிப்ரவரி 15 அன்று சிங்கப்பூர் ஜப்பானியர் கைக்குப் போயிற்று. தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர் சயாம்–பர்மா ரயில் பாதை போடக் கொண்டுசெல்லப்பட்டுக் காட்டிலே நோயாலும் பட்டினியாலும் மாண்டனர். இந்தத் துன்பத்தின் நடுவில்தான் 1943 ஜூலை 2 அன்று நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் சிங்கப்பூர் வந்து இறங்கினார். அக்டோபர் 21 அன்று கேத்தே மாளிகையில் சுதந்திர இந்தியாவின் தற்காலிக அரசை அறிவித்தார். இந்திய தேசிய ராணுவத்தில் மலாயாவிலிருந்து பொதுமக்களாகச் சேர்ந்தவர்களில் மிகப் பலர் தமிழ்த் தோட்டத் தொழிலாளர்கள். அவர்களில் பெரும்பாலோர் இந்தியாவை வயிறு பிழைக்க விட்டுவந்தவர்கள். சிலர் அதைக் கண்ணாலும் பார்க்காதவர்கள். மலாயாவில் பிறந்து வளர்ந்த ஜானகி தேவர் பதினெட்டு வயதில் ஜான்சி ராணி படையில் சேர்ந்தார்.

அந்த ராணுவத்தின் வீழ்ந்த வீரர்களுக்குச் சிங்கப்பூர்க் கடற்கரையில் ஒரு நினைவுச் சின்னம் 1945 ஜூலையில் எழுந்தது. செப்டம்பரில் திரும்பி வந்த ஆங்கிலேயர் அதை வெடி வைத்துத் தகர்த்தார்கள். ஆனால் இரண்டே ஆண்டுகளில் ஆகஸ்டு 15 வந்தது. சிங்கப்பூரிலும் கோலாலம்பூரிலும் பினாங்கிலும் இந்தியர்கள் மூவர்ணக் கொடி ஏற்றிக் கொண்டாடினார்கள். நேதாஜியோடு பணியாற்றியவரும், 1946 ஆகஸ்டில் தொடங்கிய மலாயா இந்திய காங்கிரசின் முதல் தலைவருமான ஜான் அலோசியஸ் திவி, 1947-இல் மலாயாவில் இந்திய அரசின் பிரதிநிதியானார்.

அதே நாளில் நம் ஊர்

கோலாலம்பூரில் கொடி ஏறிய அதே நாளில் நம் பகுதியின் நிலை என்ன என்பதையும் சொல்ல வேண்டும். இன்றைய குமரி மாவட்டம் அன்று திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் இருந்தது. ஆங்கிலேயர் வெளியேறியதும் திருவிதாங்கூர் தனி நாடாகும் என்று திவான் சர் சி. பி. ராமசாமி ஐயர் 1947 ஜூனில் அறிவித்துவிட்டார். ஜூலை 25 அன்று அவர் தாக்கப்பட்டுக் காயமடைந்தார். அதன்பின் சில நாட்களில் மகாராஜா இந்தியாவோடு இணைய இசைந்தார். அது நடவாமற் போயிருந்தால், ஆகஸ்டு 15 அன்று நாகர்கோவிலில் நின்றவரும் இந்தியாவுக்கு வெளியே நின்றிருப்பார்! பின்னர் தாய்த் தமிழகத்தோடு சேர மார்ஷல் நேசமணி தலைமையில் போராட்டம் நடந்தது. 1954 ஆகஸ்டு 11 அன்று மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் பலியாயின. 1956 நவம்பர் 1 அன்று தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்களும் தமிழகத்தோடு இணைந்தன. நாடு என்பது பிறக்கும்போதே கையில் கிடைத்துவிடுவதில்லை என்பதை நம் மாவட்டத்தார் நன்கு அறிவார்கள்.

விடுதலை பறித்துக்கொண்ட உரிமை

மலாயாத் தமிழர்க்குப் பின்னர் புதிய நாடுகள் கிடைத்தன. 1957 ஆகஸ்டு 31-இல் மலாயாவும், 1965 ஆகஸ்டு 9-இல் தனி நாடாகச் சிங்கப்பூரும் விடுதலை பெற்றன. அங்கே நிலைத்துவிட்டவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று அந்த நாட்களையே தங்கள் விடுதலை நாளாகக் கொண்டாடுகிறார்கள். அது இயல்பே.

இலங்கை மலையகத்தில் வேறு விதமாக நடந்தது. 1947-ஆம் ஆண்டுத் தேர்தலில் இலங்கை இந்திய காங்கிரசின் ஏழு பேர் தோட்டத் தமிழரின் வாக்குகளால் நாடாளுமன்றம் சென்றார்கள். 1948 பிப்ரவரி 4 அன்று இலங்கை விடுதலை பெற்றது. அதே ஆண்டின் குடியுரிமைச் சட்டம், தலைமுறை தலைமுறையாக அங்கே தேயிலை வளர்த்தவர்களை நாடற்றவர்களாக்கியது. அடுத்த ஆண்டில் வாக்குரிமையும் போயிற்று. நாடு விடுதலை பெற்றபோது அவர்களுக்கு இருந்த உரிமையும் இல்லாமற்போனது.

1964 அக்டோபர் 30-இல் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் லால் பகதூர் சாஸ்திரியும் செய்துகொண்ட ஒப்பந்தம் 9 லட்சத்து 75 ஆயிரம் பேரின் தலைவிதியை எழுதியது. 5 லட்சத்து 25 ஆயிரம் பேர் இந்தியாவுக்கு. 3 லட்சம் பேர் இலங்கைக்கு. எஞ்சிய ஒன்றரை லட்சம் பேரை 1974-இல் ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். ‘தாயகம் திரும்பியோர்’ என்று பெயர் சூட்டப்பட்டு, தலைமன்னாரிலிருந்து ராமேசுவரத்துக்குக் கப்பலில் வந்து மண்டபம் முகாமில் இறங்கியவர்களில் பலர் பிறந்ததே இலங்கையில்தான். அவர்கள் கண்ணீரோடு விட்டுவந்த தாயகம் எது? வந்து சேர்ந்த தாயகம் எது?

இந்தக் கேள்வி தொலைவில் இல்லை. கீரிப்பாறை, மணலோடை, சிற்றாறு, கோதையாறு, மயிலாறு ஆகிய இடங்களில் அரசு ரப்பர்த் தோட்டங்களில் பால் வெட்டுபவர்களில் இவர்களும் இவர்களுடைய பிள்ளைகளும் இருக்கிறார்கள். அவர்களுடைய மறுவாழ்வைக் கருதியே நாகர்கோவிலைத் தலைமையிடமாகக் கொண்டு 1984-இல் அரசு ரப்பர் கழகம் தோன்றியது. நம் மலையடிவாரத்திலேயே, ஒரு நாட்டின் விடுதலையால் நாடிழந்து வந்தவர்கள் நம்மோடு கொடி ஏற்றுகிறார்கள். அவர்களை இன்னும் ‘சிலோன்காரர்’ என்று நாம் ஒதுக்கிப் பேசுவது நியாயமா என்று எண்ணிப் பார்க்க வேண்டும்.

வளைகுடாவில் இன்று

1973-க்குப் பின் எண்ணெய் விலை ஏறியதும் வளைகுடா நாடுகள் ஆட்களைத் தேடின. பிலிப்பைன்ஸ் அரசு 1974 முதல் திட்டமிட்டே தன் மக்களை வெளிநாட்டு வேலைக்கு அனுப்பியது. நம்மவர்களும் சென்றார்கள். கட்டட வேலை, எண்ணெய்க் கம்பெனி, மருத்துவமனை, அராபிய முதலாளிகளின் மீன்பிடிப் படகு என்று பல இடங்களில் உழைத்தார்கள். பஹ்ரைனில் 1939-லேயே திரு இருதய ஆலயம் எழுந்திருந்தது. குவைத்தில் திருக்குடும்பப் பேராலயம் 1961-இலும், அபுதாபியில் தூய சூசையப்பர் ஆலயம் 1965-இலும், துபாயில் தூய மரியன்னை ஆலயம் 1967-இலும் அமைந்தன. ஒரே பீடத்தில் தமிழ், மலையாளம், கொங்கணி, தகலோக் என்று மணிக்கொரு மொழியில் திருப்பலி நடக்கும் ஆலயங்கள் இவை.

அங்கே ஜூன் 12-ம் விடுமுறை அன்று, ஆகஸ்டு 15-ம் விடுமுறை அன்று. தூதரகத்தில் காலையில் கொடி ஏறும். வேலைக்கு முன் போகக் கூடியவர்கள் போய்வருவார்கள். மற்றவர்களுக்கு வார விடுமுறை நாள்தான் கொண்டாட்டம். பிலிப்பைன்ஸ் மக்கள் நன்றித் திருப்பலியோடு தொடங்கி, தங்கள் ஊர் உடை உடுத்திப் பாடி ஆடி, சமைத்ததைப் பகிர்ந்து உண்பார்கள். நம்மவர்களும் மரியன்னை விழாவையும் விடுதலை நாளையும் சேர்த்தே கொண்டாடுகிறார்கள். வாரம் முழுவதும் எண்ணாகவும் அடையாள அட்டையாகவும் இருப்பவர், அந்த ஒரு நாளில் இன்ன ஊர், இன்ன நாடு, இன்னார் மகன் என்று பெயர் பெறுகிறார்.

ஆனால் கொடிக்குத் தலைவணங்கும் பிள்ளையை நாடு நினைக்கிறதா? நினைத்ததுண்டு. 1990 ஆகஸ்டு 2 அன்று ஈராக் குவைத்துக்குள் புகுந்தபோது அங்கே சிக்கிய இந்தியர்கள் பாலைவனம் கடந்து ஜோர்டானின் அம்மான் நகருக்கு வந்தார்கள். ஆகஸ்டு முதல் அக்டோபர் வரை ஏர் இந்தியா விமானங்கள் ஓயாமல் பறந்தன. சுமார் 1 லட்சத்து 70 ஆயிரம் இந்தியர் மீட்கப்பட்டனர். அந்த ஆண்டு அவர்களுக்கு விடுதலை நாள் என்பது விமானத்தில் கிடைத்த ஓர் இருக்கையே ஆகும்.

மறந்ததும் உண்டு. பிலிப்பைன்ஸ் வீட்டுவேலைப் பெண் ஃப்ளோர் கொன்டெம்ப்ளாசியோன் 1995 மார்ச்சில் சிங்கப்பூரில் தூக்கிலிடப்பட்டபோது அந்நாடே கொதித்தெழுந்தது. அதே ஆண்டில் வெளிநாட்டுத் தொழிலாளரைக் காக்கும் சட்டம் பிறந்தது. 2003-இல் வெளிநாட்டில் இருந்தபடியே வாக்களிக்கும் உரிமையும் வந்தது. 2004 முதல் துபாயில் வேலை செய்யும் பிலிப்பைன்ஸ் குடிமகன் அங்கிருந்தே தன் நாட்டு அதிபரைத் தேர்ந்தெடுக்கிறார். நம் நாட்டில் 2010-ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம் வெளிநாட்டில் வாழும் இந்தியர் பெயரை வாக்காளர் பட்டியலில் சேர்க்க வழி செய்தது. ஆனால் வாக்களிக்க அவர் தம் சொந்த ஊர் வாக்குச்சாவடிக்கே நேரில் வர வேண்டும். மாதக் கூலிக்காரர் எத்தனை பேர் விமானச் சீட்டு வாங்கி வந்து வாக்களிக்க முடியும்? ஒரே பெஞ்சில் முழந்தாளிடும் இருவரில் ஒருவருக்குக் கொடியும் வாக்கும் உண்டு. மற்றவருக்கு நடைமுறையில் கொடி மட்டுமே. பாஸ்போர்ட்டை முதலாளி வாங்கி வைத்துக்கொள்வது சட்டத்துக்கு மாறானது என்றாலும், அது அங்கே இன்னும் நடக்கிறது. தன் பாஸ்போர்ட்டே தன் கையில் இல்லாதவருக்கு விடுதலை நாள் எப்படி முழுமையாகும்?

நாம் செய்யக் கூடியவை

சட்டம் மாற்றுவது நம் கையில் இல்லை. கேட்பது நம் கையில் உண்டு. வாக்குக் கேட்டு வருபவர்களிடம் இதையும் கேட்போம். பங்கு அளவில் செய்யக் கூடிய சிலவும் உண்டு. வெளிநாட்டில் இருப்போரின் பெயர், வேலை செய்யும் நாடு, அவசரத்துக்கு யாரை அழைப்பது என்ற விவரங்களை ஒரு பங்கு ஏட்டில் எழுதி வைக்கலாம். புதிதாகப் போகிறவர் வேலை ஒப்பந்தத்தைப் படித்துப் பார்க்காமல் கையெழுத்திடாதபடி, அனுபவம் உள்ளவர்கள் உட்கார்ந்து விளக்கலாம். பாஸ்போர்ட், விசா, ஒப்பந்தம் ஆகியவற்றின் நகல் வீட்டில் இருக்கிறதா என்று பார்க்கலாம். ஆகஸ்டு 15 திருப்பலியில் வெளிநாட்டில் இருப்போருக்காகவும், அங்கேயே இறந்து அடக்கமானவர்களுக்காகவும் மன்றாடலாம்.

விடுதலைக் கொடியை ஹாங்காங்கில் தைத்த கைகளும், பெர்லினில் உயர்த்திய கைகளும், மலாயாவில் ரப்பர்ப் பால் படிந்த கைகளும் வீட்டிலிருந்து கூப்பிட்டு யாரும் கேட்காமலே நாட்டை நினைத்தன. நாடு தங்களை நினைக்கும் என்ற நம்பிக்கையே அதற்குக் காரணம். இந்த யூபிலி ஆண்டில் கொடிமரத்தடியில் நிற்கும்போது, அந்த நம்பிக்கைக்கு நாம் என்ன மறுமொழி சொல்கிறோம் என்பதை ஒவ்வொரு குடும்பமும் எண்ணிப் பார்ப்பதாக. விண்ணேற்பு அன்னை, தொலைவில் உழைக்கும் நம் பிள்ளைகளைக் காத்தருள்வாராக.